அண்ணன் பெயரில் பத்து விரல்

எத்தனை தடவை துடைத்தாலும் உள்ளங்கை மறுபடி நனைந்துவிடுகிறது. சித்தேஸ்வரன் இரண்டு கைகளையும் பேண்ட்டின் தொடையில் அழுத்தித் தேய்த்தான், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான், யாரும் பார்க்கவில்லை, மறுபடி தேய்த்தான். சேலத்தில் கைரேகைப் பிரிவு இருந்த அந்த மாடி வராந்தாவில் நீளமாக ஒரு இரும்பு பெஞ்சு போட்டிருந்தது. வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் அதில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் எண் எழுதிய துண்டுச் சீட்டு. உள்ளேயிருந்து எண்ணைத்தான் சொல்லிக் கூப்பிட்டார்கள், பெயரைச் சொல்லவில்லை. அது ஒரு நிம்மதி என்று முதலில் தோன்றியது, பிறகு அதில் என்ன நிம்மதி என்று அவனுக்கே விளங்கவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், காட்டினான். குறுகலான சந்தில் பின்னாலேயே எடுத்து நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினான். கண்ணைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. எல்லாம் முடிந்து வெளியே வரும்போதுதான் அந்தப் பள்ளிக்கூடத்து மேனேஜர், "பத்து வெரலையும் வெச்சுட்டு வந்துருங்க, அவ்வளவுதான். கொழந்தைங்க விஷயம் பாருங்க, டிரைவரு, ஆயா, வாட்ச்மேன், யாரா இருந்தாலும் போலீசுல ரேகைய ஒத்துப் பாத்து ஒண்ணுமில்லேன்னு வந்தாத்தான் சேத்துக்குவோம்" என்றார். அவன் "சரிங்க சார்" என்றான். எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது அது. அப்போதே, இல்லைங்க சார், வீட்டில் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்டிருப்பார். ஒன்றுமில்லாதவன் எதற்கு யோசிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதே பள்ளிக்கூடத்துக்கு ஆயா வேலைக்கு வந்தவள். வந்து உட்கார்ந்ததிலிருந்து பேசிக்கொண்டேயிருந்தாள். பரிமளா என்று தானாகவே பெயரைச் சொன்னாள். "எனக்கென்னுங்கண்ணா, வெச்சுட்டுப் போயிட்டே இருப்பேன். என் வெரல்ல என்ன இருக்கப்போவுது, பாத்தரம் தேச்ச கரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது மேலுதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே மேஜைமேல் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி தெரிந்தது, அதற்குள் பச்சை வெளிச்சம். மை இல்லை. மை இல்லாமல் எடுக்கிறார்கள் இப்போது. அன்றைக்கு மை. தட்டையான பித்தளைத் தகட்டில் கருப்பு மையை உருளையால் தேய்த்துத் தேய்த்துப் பரப்பினார் ஒரு போலீஸ்காரர், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிறவர் மாதிரி அவசரமே இல்லாமல். பிறகு அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் உருட்டினார். "தளர்த்துடா. நீ அழுத்தாத, நான் உருட்டறேன், நீ சும்மா விடு" என்றார். கையைச் சும்மா விடுவது அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் மண்ணெண்ணெய் நனைத்த துணி ஒன்றைத் தூக்கிப் போட்டார். அந்த வாசனை இன்னும் இருக்கிறது. வண்டிக்கு டீசல் அடிக்கும்போதுகூட அந்த வாசனை வந்துவிடுகிறதா என்று ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வான், வராது, டீசல் வேறு, மண்ணெண்ணெய் வேறு. அந்தத் தாள் எங்கே போயிருக்கும். தாள் என்றால் எரியும், நனையும், மக்கும். ஆனால் இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம், பழையதையும் தோண்டியெடுத்து ஏற்றிவிட்டார்களாம், தினத்தாளில் போட்டிருந்தது. ரேஷன் கடையில் அம்மாவுக்கு விரலே விழாது. தறிக்கு நூல் சுற்றிச் சுற்றி அம்மா பாவாயியின் பத்து விரலும் வழவழவென்று கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. மெஷினில் வைப்பாள், சிவப்பு விளக்கு எரியும், துடைத்துவிட்டு வைப்பாள், சிவப்பு. "பாட்டிக்கு ரேகையே இல்லீங்க, மகனக் கூட்டிட்டு வாங்க" என்பான் கடைக்காரன். மாதாமாதம் அவன் போய்க் கட்டைவிரலை வைப்பான், உடனே பச்சை, அரிசி வரும். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமைகூட. எம் மகன் வெச்சா டக்குனு வுழுந்துரும் என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்வாள். அம்மாவின் விரல் தனக்கு இருந்திருந்தால் என்று நினைத்தான். எதுவுமே விழாத விரல். நினைத்தபிறகு அது பாவம் என்று பட்டது, ஏன் பாவம் என்று யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை.

அவன் பெயருக்கே அம்மாதான் காரணம். மூத்தவனுக்கு அப்பா தன் கட்சிக்காரர்கள் சொன்னபடி மணிமாறன் என்று வைத்தார். இரண்டாவது பிறந்தபோது அம்மா விடவில்லை, கஞ்சமலைச் சித்தேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை, சாமி பேர்தான் என்று அழுது நின்றாளாம். ஒன்றரை வயது வித்தியாசம், ஆனால் ஒரே முகம். அதே ஒடுங்கிய கன்னம், வெளியே தள்ளிய அதே காது. அண்ணனுக்கு மட்டும் வலிப்பு. சோறு தின்றுகொண்டிருக்கும்போதே சாய்வான், தட்டு உருளும், கை கால் வெட்டி இழுக்கும், வாயோரம் நுரை. அம்மா சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணிப்பாள், இவன் அண்ணன் தலையைப் பிடித்துக்கொள்வான். தலை அடிபடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலை அடிபடக் கூடாது, தலை அடிபடக் கூடாது. அந்த வீட்டில் அது ஒரு மந்திரம் மாதிரி. அப்பா செத்தபிறகு அண்ணன் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே வெள்ளிக் கம்பி காணாமல் போனது. எடுத்தானா, எடுக்கவில்லையா, இன்றுவரைக்கும் அண்ணன் சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை. போலீஸ் வந்தது சாயங்காலம், தறிச் சத்தம் ஓய்ந்திருந்த நேரம். அண்ணன் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர் விழும் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. "யாரும்மா இங்க மணிமாறன்?" என்று கேட்டார் வந்தவர். அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள், இவன் அவளுக்கு முன்னால் நின்றிருந்தான். பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்போது அம்மாவின் கை இவன் முதுகில் பட்டது. இங்கேதான் ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்கிறது. கை பட்டது, அதுவரைக்கும் தெளிவு. ஈரக்கை, முந்தானையில் துடைக்காத கை, சட்டை முதுகில் ஒட்டியது. ஆனால் அந்தக் கை தள்ளியதா, அல்லது பிடித்ததா. தள்ளியிருந்தால் அவன் முன்னால் போயிருக்க வேண்டும், போனான். பிடித்திருந்தாலும் அதை உதறிவிட்டு அவனாகவே போயிருக்கலாம், அப்படியும் போனதாகத்தான் இருக்கிறது. சில நாள் வண்டி ஓட்டும்போது நினைத்துப் பார்த்தால் அவள் தள்ளினாள், சந்தேகமேயில்லை, அஞ்சு விரலும் பதிய ஒரு தள்ளு. சில நாள் நினைத்தால் அவள் கை சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது, இவன்தான் "நான்தான் சார்" என்று சொல்லிக்கொண்டு படியிறங்குகிறான். இரண்டும் ஒரே அளவு உண்மையாக இருக்கிறது. கேட்டால் அவளுக்குத் தெரியும். கேட்டதில்லை. அவள் "இவன்தாங்க சார் மணிமாறன்" என்று சொன்னது மட்டும் மாறுவதே இல்லை, அந்தக் குரல், ரேஷன் கடையில் மகனைக் காட்டுகிற அதே குரல்.

"ஏங்கண்ணா, வேர்க்குதா? ஃபேனுக்கு நேரா வந்து உக்காருங்க" என்றாள் பரிமளா. பரவாயில்லைங்க என்றான். அன்று அவனைக் கொண்டுபோன ஸ்டேஷன் எது என்று இப்போது பெயரைக்கூட நினைக்கப் பிடிக்கவில்லை. முதல் அடி விழுந்தபோது அவனையறியாமல் "அண்ணா" என்று கத்தினான். அம்மா என்று வரவில்லை, அண்ணா என்றுதான் வந்தது. லத்தியை ஓங்கியவர் நிறுத்திவிட்டு, "ஒனக்கு ஏதுடா அண்ணன்? நீதானடா மூத்தவன்?" என்று கேட்டார். நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். அதன்பிறகு அவன் கத்தவில்லை. அடிபடும்போது கத்த ஒரு பெயர்கூட இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் பட்டறை முதலாளி வந்து அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். இப்போது வெளியே வந்துவிடும், இவர் சொல்லிவிடுவார், இவன் அவனில்லை என்று சொல்லிவிடுவார். அவர் "இவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெரிந்தே சொன்னாரா, வீங்கிப்போன முகத்தில் அண்ணன் தம்பி வித்தியாசம் தெரியவில்லையா. அதுவும் ஒரு கேள்விதான், ஆனால் அது அவ்வளவு வலிப்பதில்லை. வக்கீல் ஒருவரை யாரோ பிடித்துக் கொடுத்தார்கள். அவர் கோர்ட்டு வராந்தாவில் வெற்றிலையை மென்றுகொண்டே, "தம்பி மணிமாறா, ஒத்துக்க. ஒத்துக்கிட்டா இதுவரைக்கும் உள்ள இருந்ததே தண்டனைன்னு விட்டுருவாங்க. கேஸ நடத்துனா வருஷக்கணக்கா அலையணும்" என்றார். ஒத்துக்கொண்டான். என்ன சொல்லி ஒத்துக்கொண்டான் என்பதுகூட நினைவில்லை, தலையை ஆட்டினான் போல. ஜெயிலில் காலையில் வரிசையில் நிற்கவைத்து மணிமாறன் என்று கூப்பிட்டதும் முதலிரண்டு நாள் யாரையோ என்று நின்றுகொண்டிருந்தான், பக்கத்திலிருந்தவன் விலாவில் இடித்தான். அப்புறம் பழகிவிட்டது. ரொம்பப் பழகிவிட்டது. வெளியே வந்து எத்தனையோ காலம் ஆனபிறகும், தெருவில் யாராவது மணிமாறா என்று அண்ணனைக் கூப்பிட்டால் இவன் தலை முதலில் திரும்பும்.

திரும்பி வந்த அன்று அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிவிட்டாள், கறிக்குழம்பு வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். அவ்வளவுதான். அழுவார்கள், காலில் விழுவார்கள், என்னென்னமோ நினைத்துக்கொண்டு வந்தான், நினைத்ததற்காக இப்போதுகூட வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை, வலிச்சுதாடா என்று ஒரு வார்த்தை. அதற்கப்புறம் அண்ணனுக்கு நல்ல டாக்டர் கிடைத்து, மாத்திரை ஒத்துக்கொண்டு, வலிப்பு வருவதே நின்றுபோனது. கல்யாணம் ஆனது. இப்போது சிவதாபுரம் பக்கம் சொந்தப் பட்டறை, பாலிஷ் போடும் மெஷின் இரண்டு, வேலைக்கு ஆட்கள். யாராவது பழைய விஷயத்தை எடுத்தால், வாலிப வயசுல ஒரு தப்பு, பட்டுத் திருந்திட்டான் பாரு என்று அண்ணனைத்தான் மெச்சுவார்கள். அடிபட்டவன் என்ற பெயர்கூட அண்ணனுக்கே. இன்று காலையில் அண்ணனுக்கு போன் பண்ணினான். இந்த மாதிரி ரேகை வைக்கச் சொல்றாங்க, என்ன பண்ணட்டும் என்று கேட்டான். அந்தப் பக்கம் பாலிஷ் மெஷின் ஓடும் இரைச்சல். நிறுத்தச் சொல்லி யாரிடமோ சொன்னான் அண்ணன், இரைச்சல் நின்றது. "அதெல்லாம் பழைய காயிதம்டா, எலி தின்னுருக்கும். நீ தைரியமாப் போ." "இருந்துச்சுன்னா?" "இருக்காதுடா." "இருந்தா என்ன சொல்றது?" பிறகு அண்ணன் சொன்னான், மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி: "அம்மாவுக்கு வயசாயிருச்சு சித்தேசு." வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை, பட்டறையைப் பூட்டிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு வயசாயிருச்சு. அதற்கு என்ன பதில் சொல்வது. வயது ஆகிவிட்டதுதான். வெச்சுடறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். அண்ணனை வெறுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். முயற்சி செய்துகூடப் பார்த்திருக்கிறான். வெறுப்பு திரண்டு வரும்போதெல்லாம் அந்தத் தலை, மடியில் வெட்டி வெட்டி இழுக்கிற தலை, கனமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன வாரம் முழுக்க விரலைத் தேய்த்துப் பார்த்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் பூசாத சிமெண்ட் சுவர், யாரும் இல்லாத நேரம் பார்த்து அதில் பத்து விரலையும் உரசினான், தோல் சிவந்தது, எரிந்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடுகள் அப்படியே இருந்தன, முன்னைவிடத் தெளிவாக இருக்கிற மாதிரிகூட இருந்தது. ஒருநாள் லோடு இறக்கிவிட்டு வந்து தான் ஓட்டும் குட்டியானை லோடு வண்டியின் சைலன்சருக்குக் கிட்டே கட்டைவிரலைக் கொண்டுபோனான். அனல் அடித்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கொண்டுபோய், சட்டென்று இழுத்துக்கொண்டான். ஒரு விரலைச் சுட்டு என்ன ஆகும், பத்து இருக்கிறதே. பத்தையும் சுட்டுக்கொண்டு போய் நின்றால் ஏன் என்று கேட்க மாட்டார்களா. ராத்திரி சோறு பிசையும்போது மனைவி வளர்மதி பார்த்துவிட்டாள். "கையில என்ன, இப்படிச் சிவந்து கெடக்கு?" "கயிறு உருவிருச்சு." அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் அம்மாவை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று சொல்லவில்லை, அப்புறம் சொல்ல இடமே வரவில்லை. அவள் காக்கித் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்தால் டிரைவர் பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கட்டணமில்லாமல் இடம். அதுதான், அந்த ஒன்றுக்காகத்தான். தர்ஷிகா இப்போதே தெருப் பிள்ளைகளிடம், எங்கப்பா பஸ்ல நான் ஃப்ரண்ட் சீட்டுல உக்காந்து போவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். முன்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாது என்று சொன்னதற்கு, அப்ப உனக்குப் பின்னாடி சீட்டு, உன் தலை தெரியும்ல என்றாள். உன் தலை தெரியும்ல. இங்கிருந்து எழுந்து படியிறங்கிப் போய்விட்டால் என்ன. பஸ் ஏறி வீட்டுக்குப் போய், அந்த வேலை வேண்டாம், தூரம் அதிகம் என்று சொல்லிவிட்டால். எழுந்திருக்கப் பார்த்தான். துண்டுச் சீட்டை மடித்துப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தான். உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்தால், எலி தின்றிருந்தால், அதை நம்பாமல் ஓடிப்போனவன் ஆகிவிடுவானே. இன்னொன்றும் இருந்தது, அதை அவன் பார்க்காமல் ஒதுக்க ஒதுக்க அது கிட்டே வந்தது: யாராவது தன்னைக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. யாராவது ஒருவர், இது உன் விரல்தானா, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை.

பரிமளாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். போனாள், சற்று நேரத்தில் கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். "ஆயிருச்சுங்கண்ணா! ஒண்ணுமேயில்ல, கண்ணாடியில வெக்கச் சொன்னாங்க, போகச் சொல்லிட்டாங்க. நீங்களும் முடிச்சுட்டு வாங்க, கீழ நிக்கறேன், ஒண்ணாவே பஸ் ஸ்டாண்டு போயிரலாம்." அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. அடுத்த எண் அவனுடையது.

உள்ளே ஒரு அம்மாள், நாற்பதைத் தாண்டியவர், காக்கி போடவில்லை, சாதாரண காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. லீலாவதி என்று அதில் இருந்தது. பெயரைக் கேட்டார், சொன்னான். அப்பா பெயர் கேட்டார், சொன்னான். ஈரத்தைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார், சுத்தமான வெள்ளைத் துணி. நாலு விரல், பிறகு மறுகை நாலு விரல், பிறகு கட்டைவிரல் இரண்டும். கண்ணாடி குளிர்ச்சியாக இருந்தது, பச்சை வெளிச்சம் விரலுக்குள்ளேயே புகுந்து எலும்பைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "நல்லா வுழுந்திருக்குங்க. ரொம்பப் பேருக்கு நாலஞ்சு வாட்டி வெக்கணும். ஒங்களுக்கு எடுத்தவுடனே வந்துருச்சு" என்றார். பாராட்டித்தான் சொன்னார். உட்காரச் சொன்னார். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது, அதன் வெளிச்சம் அவர் மூக்குக்கண்ணாடியில் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. சதுரம் அசையாமல் இருந்தது. சுவர்க் காலண்டரில் ஒரு முருகன். எலி தின்றிருக்கும். கண்ணாடியில் இருந்த சதுரம் மாறியது. அவர் முன்னால் குனிந்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. பயம் வரும் என்று நினைத்திருந்தான், வரவில்லை, லோடு இறக்கியபிறகு தோளில் ஒரு வெறுமை இருக்குமே, அதுதான் வந்தது.

"மணிமாறன் யாருங்க?"

"எங்கண்ணன்."

"இங்க ஒரு திருட்டு கேஸ்ல, தண்டனையாகி, அந்தப் பேருல ரேகை இருக்கு. அப்பா பேரு ஒங்க அப்பா பேருதான். பத்து வெரலும் ஒங்களோடதுதான். அண்ணன் வெரலு எப்படிங்க ஒங்க கையில இருக்கும்?"

கேட்டுவிட்டார். உலகத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று பெஞ்சில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தது. அண்ணனுக்கு வலிப்பு என்றான். தலையில் அடிபட்டால் செத்துப்போவான் என்றான். போலீஸ் வந்தபோது அவன் குளித்துக்கொண்டிருந்தான், அதனால் நான் போனேன் என்றான். அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாள், "அப்ப வீட்டுல வேற யாரும் இல்லியா? அவங்க சொல்லலியா?" என்றார். அவன் காலண்டர் முருகனைப் பார்த்தான். அவர் புரிந்துகொண்ட மாதிரி மேஜையைப் பார்த்தார். சற்று நேரம் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தம்பியிடம் பேசுகிற மாதிரி சொன்னார். "இத பாருங்க. நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா நான் நம்பி ஒண்ணும் ஆவப்போறதில்ல. வெரலு பொருந்துதா இல்லியா, அத எழுதறதுதான் என் வேல. இப்ப சொன்னத நீங்க வாக்குமூலமா எழுதிக் குடுத்தீங்கன்னா, அது ஸ்டேஷனுக்குப் போவும். மொதல்ல ஒங்கள விசாரிப்பாங்க, கோர்ட்டையே ஏமாத்திருக்கீங்கன்னு. அப்புறம் ஒங்கண்ணன. பொய் சொன்னது யாருன்னு பாத்து அவங்களையும் கூப்பிடுவாங்க. எங்க போயி நிக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல. குடுக்கலேன்னா, இங்க இருக்கறதுதான். நீங்கதான் அந்த மணிமாறன்." "குடுக்கலேன்னா வேல?" என்று கேட்டான், பதில் தெரிந்தே. அவர் இல்லையென்று தலையை மட்டும் அசைத்தார். "குடுத்தா கெடைக்குங்களா?" "இப்போதைக்குக் கெடைக்காதுங்க. அது முடிய எத்தன வருஷமோ." எப்படிப் போனாலும் அந்த வேலை இல்லை. அது தெரிந்ததும் ஏதோ லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தான், ஆகவில்லை. வேலை போய்விட்டது, இனிமேல் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, தன் பெயர். அதைத் திரும்ப வாங்க வேண்டுமானால் ஒரு கிழவியை ஸ்டேஷன் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். அவளைக் கேட்பார்கள், நீதானே சொன்னாய் என்று. அவள் கைவிரலை மெஷினில் வைக்கச் சொல்வார்கள், சிவப்பு எரியும், துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார்கள். வழவழத்த அந்த விரலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு அவள் நிற்பாள், மகனைத் தேடிக்கொண்டு. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று இப்போதும் தோன்றவில்லை. அவள்மேல் கோபம் இருந்தது, இத்தனை வருஷம் தெரியாமல் இவ்வளவு கோபம் உள்ளே இருந்திருக்கிறது. கோபத்தோடேதான் சொன்னான்: "எழுத வேண்டாங்க. இருக்கறபடியே இருக்கட்டும்."

லீலாவதி தட்டச்சு செய்தார். சின்ன இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. எடுத்து ஒரு தடவை வாசித்தார், அது வழக்கம் போல, வாய்விட்டு, விண்ணப்பதாரர் மணிமாறன் என்கிற சித்தேஸ்வரன், என்று. செய்தித்தாளில் படித்திருக்கிறான் அப்படிப்பட்ட பெயர்களை. செயின் அறுத்தவர்கள், பூட்டை உடைத்தவர்கள், எல்லாருக்கும் இரண்டிரண்டு பெயர், நடுவில் ஒரு என்கிற. அப்படி ஒரு பெயரைப் பார்க்கும்போதெல்லாம் இவனுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று நினைத்திருக்கிறான். கையெழுத்துப் போடச் சொன்னார். எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்கலாமா என்று யோசித்தான். கேட்கவில்லை, தன் பெயரைப் போட்டான், வழக்கமாகப் போடுகிற அதே கோணல் கையெழுத்து. "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். "வேண்டாங்க." "அந்த ஸ்கூலுக்கு நாங்களே தபால் அனுப்பிருவோம். நீங்க போயி நிக்க வேணாம்." நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டே எழுந்தான், கதவைத் தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்று தெரியாமல் இரண்டும் செய்தான். வராந்தா பெஞ்சில் அவன் இருந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், கையைத் துடைக்காமல், காலை ஆட்டிக்கொண்டு. படியிறங்கும்போது பையில் போன் அதிர்ந்தது. வளர்மதி. காக்கிச் சட்டை தைத்தாகிவிட்டது, வாங்கிவரட்டுமா என்று கேட்கத்தான் இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து தானாகவே ஓய்ந்தது. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது. தூரம் அதிகம் என்று சொல்லலாம். அவள் நம்ப மாட்டாள். தர்ஷிகாவிடம் என்ன சொல்வது. அம்மா தின்ன ஏதாவது எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஆச்சா சாமி என்பாள், ஆச்சும்மா என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவள் எடுத்து வைத்ததைத் தின்ன வேண்டும்.

கீழே வேப்பமர நிழலில் பரிமளா நின்றுகொண்டிருந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவனைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினாள், ரொம்ப நாள் பழகினவள் மாதிரி. "என்னுங்கண்ணா, இவ்வளவு நேரம்? வெரலு வுழுவலியா?" "வுழுந்துச்சு." "அப்புறமென்ன. ஒண்ணாந்தேதிலருந்து வரச் சொல்லுவாங்கன்னு அங்க ஒருத்தங்க சொன்னாங்க. நான் கொண்டலாம்பட்டி ரவுண்டானாவுல ஏறிக்குவேன், நீங்கதான் அந்தப் பக்கம் வண்டி எடுப்பீங்கன்னா நல்லாயிருக்கும், கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் நிப்பாட்டுவீங்கல்ல?" அவன் தலையை ஆட்டினான். ரோட்டுக்கு வந்தார்கள். பஸ் ஒன்று நிரம்பி வழிந்து போனது, இருவரும் ஒதுங்கி நின்றார்கள். புழுதி அடங்கியதும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாருங்க, இவ்வளவு நேரமா நானே பேசிட்டிருக்கேன். ஒங்க பேரக் கேக்கவே இல்ல. ஒங்க பேரு என்னுங்கண்ணா?"

அவன் வாயைத் திறந்தான். எதிர்க்கடையில் யாரோ இரும்புக் கதவை மேலே தள்ளினார்கள், அந்தச் சத்தம் முடியும்வரைக்கும் காத்திருக்கிறவன் மாதிரி நின்றான். அவள் முகத்தை அண்ணாந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தேஸ்வரன்" என்றான். சொல்லிவிட்டு, அவள் அதை நம்புகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.